நிலவின் மண்ணைப் படித்த ஒளி பட்டறைப் புகையைப் படிக்குமா?

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்து இருப்பீர்கள். கையில் சாப்பாட்டு டப்பா, தோளில் பை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் பக்கத்தில் இருந்து வந்து லேத்திலும் வெல்டிங்கிலும் முலாம் தொட்டியிலும் வேலை பார்க்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம்.

அதே பேட்டைக்குள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடம் ஒன்று இருக்கிறது. மின்-ஒளியியல் கருவிகள் செய்யும் கூடம். "லியோஸ்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம் நாட்டின் முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டா, 1975-ம் ஆண்டு வானத்துக்குப் போவதற்கு முன் உருவானது இங்கேதான். பக்கத்துப் பட்டறைகளைப் போன்ற தொழிற்கூடக் கொட்டகைகளிலேயே அது உருவானது.

48 ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குனர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர் என்பதால் அன்று இங்குள்ள தமிழர்களுக்கு இரட்டைச் சந்தோஷம். இறங்கிய சில நாளில் ஒரு செய்தி வந்தது. "பிரக்யான்" என்ற உருளை வண்டி, நிலவின் தென் துருவத்துப் பக்கத்து மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டுபிடித்து விட்டது! அலுமினியம், கால்சியம், இரும்பு, குரோமியம், டைட்டானியம் எல்லாம் இருப்பதையும் சொன்னது.

மண்ணை அள்ளிக் கொண்டு வரவில்லை. அமிலத்தில் கரைக்கவில்லை. லேசர் கதிரால் மண்ணைச் சுட்டது; கிளம்பிய ஒளியைப் பார்த்துப் பெயரைச் சொன்னது. அந்தக் கருவியைச் செய்தது பீன்யாவில் உள்ள அந்தக் கூடம்தான்.

சில மாதங்களுக்கு முன் பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். குழாய்க்கும் கைப்பிடிக்கும் குரோமியம் முலாம் பூசும் பட்டறையில் 11 வருடமாக வேலை பார்க்கிறவர். அவர் கேட்டார்:

"நிலாவுல என்ன இருக்குதுன்னு சொல்றாங்க, சார். எங்க தொட்டியில இருந்து கிளம்புற ஆவியில என்ன இருக்குது, எவ்வளவு இருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலையே?"

இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

கண்ணுக்குத் தெரியாத தூள்

முலாம் தொட்டியில் மின்சாரம் ஓடும்போது ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கி வந்து வெடிக்கும். ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது குரோமிக் அமிலத்தின் மிகச் சிறு துளிகளைக் காற்றில் தெறிக்க விடும். அந்தத் துளிதான் மூக்கில் எரிச்சல் தருவது. வருடக் கணக்கில் சுவாசித்தால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். நுரையீரல் புற்று நோய்க்கும் அது காரணம் ஆகும்.

வெல்டிங் புகையில் மாங்கனீசு இருக்கும். துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்தால் குரோமியமும் நிக்கலும் சேர்ந்து வரும். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடத்தில் ஈயம்.

நகை வேலை செய்கிறவர்களுக்கு "கே.டி.எம்." என்ற சொல் நன்றாகத் தெரியும். கே.டி.எம். என்பது காட்மியம் என்பதன் சுருக்கமே. தங்கத்தைப் பற்ற வைக்கும் பொடியில் அதைச் சேர்த்தார்கள். தங்கம் உருகுவதற்கு 1,064 டிகிரி வெப்பம் வேண்டும். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி விடும். ஊதுகுழல் பிடித்தவரின் நெஞ்சுக்குள் அது போயிற்று. நகைத் தொழிலில் அதை ஒதுக்கியதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் துகள்களின் அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தலைமுடியின் தடிமனை எழுபது பங்காகப் பிரித்தால், வெல்டிங் புகைத் துகளில் பெரும்பாலானவை அதில் ஒரு பங்கைக் காட்டிலும் சிறியவை. மூக்கின் ரோமம் அவற்றைத் தடுக்காது. நேராக நுரையீரலின் கடைசி அறை வரை போகும்.

தராசு சொல்லாத சேதி

"காற்றை அளக்கத்தான் கருவி இருக்கிறதே? செல்போனில்கூட தினமும் ஒரு எண் வருகிறதே?" என்று கேட்கலாம்.

உண்மைதான். ஆனால் அந்த எண்ணில் அடங்கிய தூசிக் கணக்கு வெறும் எடைக் கணக்கு. தராசுக்குச் செம்மண் தூசியும் ஒன்று, ஈயத் தூசியும் ஒன்று. எது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீட்டில் எட்டுப் பொருள்கள் உண்டு. ஈயம் அதில் ஒன்று. ஆனால் உடனுக்குடன் வரும் எண்ணில் ஈயம் சேர்வது இல்லை. ஏன் என்றால் அதை உடனுக்குடன் அளக்கும் ஏற்பாடு நிலையங்களில் இல்லை.

ஈயத்தையும் நிக்கலையும் எப்படி அளக்கிறார்கள்? ஒரு பம்பு வைத்து 24 மணி நேரம் காற்றை இழுத்து வடிதாள் வழியாக விடுவார்கள். தாளில் தூசி படியும். தாளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய், அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் கொடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். முடிவு வர நாள் கணக்கு ஆகும்.

2009-ம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த விதிப்படி ஓர் இடத்தில் வாரம் இரண்டு நாள், வருடத்துக்கு 104 தடவை இப்படி அளந்தால் போதும். மீதி 261 நாள் காற்றில் என்ன போயிற்று என்பது தாளுக்குத் தெரியாது.

இந்த முறை தவறு அல்ல. நம்பகமான முறை இதுதான். பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா? 1995-ல் பெரு நகரங்களில் தொடங்கி, 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. நகரக் காற்றில் ஈயம் குறைந்ததை எடுத்துக் காட்டியவை இந்தத் தாள்களே.

ஆனால் முலாம் தொட்டியின் முன் நிற்கிறவருக்கு நாள் கணக்கு உதவாது. உறிஞ்சும் விசிறி காலை 11 மணிக்கு நின்று போனால், 11 மணி 5 நிமிடத்துக்குள் அவருக்குத் தெரிய வேண்டும். பத்து நாள் கழித்து வருகிற தாள், அவர் ஏற்கனவே சுவாசித்து முடித்த காற்றைப் பற்றித்தான் சொல்லும்.

அடுப்பிலேயே பார்க்கலாம்

லேசர் இந்த வேலையை எப்படிச் செய்கிறது? முதலில் சமையல் அறைக்குப் போவோம்.

கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பில் உள்ள சோடியத்தின் நிறம் அது. தீபாவளி மத்தாப்பில் சிவப்பு வந்தால் ஸ்டிரான்சியம். பச்சை வந்தால் பேரியம். நன்றாகச் சூடேற்றினால் ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளி விடும். இன்னொன்றின் நிறத்தை அது இரவல் வாங்காது.

அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வானவில் போன்ற பட்டையில் கோடுகள் தெரியும். இதை நிறமாலை என்பார்கள். குரோமியத்துக்கு நீலமும் ஊதாவும் சேரும் இடத்தில் திருநீற்றுப் பட்டை போல நெருக்கமாக மூன்று கோடுகள். ஈயத்துக்கு ஊதாவில் ஒரு கோடு. காட்மியத்தின் பலமான கோடு நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்.

கோட்டை வைத்து ஆளைப் பிடிக்கும் வித்தையை ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காப்பும் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார்கள். 1868 ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம் வந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் வானியல் அறிஞர்கள் நிறமாலைக் கருவியுடன் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு சூரிய ஒளியில் புதிதாகத் தெரிந்த மஞ்சள் கோடு எந்தப் பொருளுக்கும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். அந்த வாயு பூமியில் கிடைத்தது 1895-ல்தான்!

(நிறமாலை என்றதும் திருச்சியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த சர் சி. வி. ராமன் நினைவுக்கு வருவார். அவர் கண்டது வேறு. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளி நிறம் மாறுவதை அவர் கண்டார். இங்கே பொருளையே சுட்டு ஆவியாக்கி ஒளிர வைக்கிறார்கள்.)

ஒரு நொடியின் நூறு கோடியில் பத்துப் பங்கு

1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பவர் முதல் லேசரைச் செய்தார். இரண்டே வருடத்தில், 1962-ல் பிரெக், கிராஸ் என்ற இருவர் லேசரால் பொருளைச் சுட்டு நிறமாலை பார்க்கலாம் என்று அறிவித்தார்கள்.

இந்த லேசர் தொடர்ந்து எரிவது இல்லை. துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு துடிப்பில் உள்ள சக்தி மிகவும் கொஞ்சம். 60 வாட் பல்பு ஒரு நொடியில் செலவழிப்பதில் அறுநூறில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் அவ்வளவையும் ஒரு நொடியின் நூறு கோடியில் பத்துப் பங்கு நேரத்துக்குள் கொட்டி விடும். கணக்குப் போட்டால் அந்தக் கணத்தில் 1 கோடி வாட்!

அதைக் கண்ணாடி வில்லையால் ஊசி முனை அளவு இடத்தில் குவித்தால் காற்றே தீப்பொறியாக வெடிக்கும். "டக்" என்று சத்தமும் கேட்கும். பொறியின் வெப்பம் 10,000 டிகிரிக்கும் மேலே. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். பொறிக்குள் அகப்பட்ட தூசித் துகள் அணு அணுவாக உடைந்து, தன் தன் நிறத்தில் ஒளி விடும்.

முதல் கணத்தில் ஒரே வெள்ளை வெளிச்சமாக இருக்கும். எந்தக் கோடும் தெரியாது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் கருவி கண்ணை மூடிக் காத்திருக்கும். தவில் ஓய்ந்ததும் நாதசுரம் தெளிவாகக் கேட்பது போல, வெள்ளை அடங்கியதும் கோடுகள் தெரியும். அப்போது கண்ணைத் திறந்து படம் பிடிக்கும். எந்தக் கோடு என்பது உலோகத்தின் பெயரைச் சொல்லும். எவ்வளவு பிரகாசம் என்பது அளவைச் சொல்லும்.

1980-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ராட்ஜியம்ஸ்கி, கிரமர்ஸ் முதலியோர் இதைக் காற்றுக்குப் பயன்படுத்தினார்கள். 1983-ல் காற்றில் மிதக்கும் பெரிலியத்தை அளந்து காட்டினார்கள். அணு சக்தித் தொழிலில் பயன்படும் உலோகம் பெரிலியம். அதன் தூசி நுரையீரலுக்குத் தீராத நோய் தரும். ஆக, காற்றுக்காக இந்த வித்தை தொடங்கியபோதே தொழிலாளியின் மூச்சு அதில் சம்பந்தப்பட்டு இருந்தது. செவ்வாய்க்கு (2012) அமெரிக்க வண்டியிலும், நிலவுக்கு (2023) நம் வண்டியிலும் அது போனது பிறகுதான்.

பிறகு ஏன் பட்டறைக்கு வரவில்லை?

நிலவில் சுடுவது கெட்டியான மண். எங்கே சுட்டாலும் படும். காற்றில் துகள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதக்கின்றன. லேசர் பொறியோ ஊசி முனை அளவு.

ஓர் உதாரணக் கணக்கு: ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஓர் ஈயத் துகள் இருப்பதாக வையுங்கள். பொறியின் அளவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், ஆயிரம் தடவை சுட்டால்தான் ஒரு தடவை படும். நொடிக்குப் பத்துத் தடவை சுடுகிற லேசர் என்றால் 100 நொடிக்கு ஒரு துகள். படாத 999 படங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த ஒரு கோடு மங்கி மறைந்து போகும். அதனால், பட்ட படத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்கிடும் முறையை 1990-களில் அமெரிக்க விஞ்ஞானிகள் கொண்டு வந்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. துகளைத் தேடிப் போகாமல், துகளை ஓரிடத்துக்கு வரவழைப்பது! தொழிலாளர் உடல் நலத்துக்காக அமெரிக்க அரசு நடத்தும் ஆராய்ச்சி நிலையம் சின்சினாட்டியில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் 2012-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். உள்ளே வரும் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்தால் அவை ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும். சில நிமிடம் சேர விட்டு நுனியை லேசரால் சுட்டால் எல்லாம் ஒரேயடியாக ஒளிரும். பிறகு நுனி சுத்தம். அடுத்த முறைக்குத் தயார். இதில் பெரிய பம்பும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

நம் நாட்டிலும் மணிப்பால், அலகாபாத், ஐதராபாத் என்று பல இடங்களில் லேசர் பொறி முறையில் ஆராய்ச்சி நடக்கிறது. எக்ஸ்-ரே கதிரால் மணிக்கு ஒரு தடவை உலோகங்களைக் கணக்கெடுக்கும் இயந்திரம் வைத்து டில்லிக் காற்றை அளந்தும் இருக்கிறார்கள். ஆனால் இந்த இயந்திரங்களின் விலை பல லட்சம் ரூபாய். நாலு பேர் வேலை செய்யும் முலாம் பட்டறை முதலாளி வாங்குகிற சாமான் அல்ல. தொழிற்பேட்டைக்கு ஒன்று வாங்கி, வண்டியில் வைத்துப் பட்டறை பட்டறையாகக் கொண்டு போகலாம். அப்படிச் செய்வதை எந்த விஞ்ஞானமும் தடுக்கவில்லை.

லேசரால் முடியாததையும் சொல்ல வேண்டும். ஆர்சனிக், பாதரசம் இரண்டும் அதற்குச் சுலபத்தில் அகப்படுவது இல்லை. குரோமியத்திலும் ஒரு சிக்கல். குரோமியத்தில் சாது உண்டு, முரடு உண்டு. முலாம் தொட்டியில் இருப்பது முரடு. 10,000 டிகிரியில் உடைத்து விட்டால் இரண்டும் ஒரே மூன்று கோட்டைத்தான் காட்டும். எந்த வகை என்று அறியப் பழைய ஆய்வுக்கூட முறைக்குத்தான் போக வேண்டும்.

தெருவுக்கு 1, பட்டறைக்கு 150

அளந்த பிறகு எதோடு ஒப்பிடுவது? இங்கே ஒரு விசித்திரம்.

2009 விதிப்படி ஊர்க் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஈயத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வருடச் சராசரி அதில் பாதி. போபால் விபத்துக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்ந்தது. பட்டறைக்குள் 8 மணி நேரத்துக்கு அது வைத்த ஈய வரம்பு 0.15 மில்லிகிராம். அதாவது 150 மைக்ரோகிராம்.

தெருவில் குழந்தையும் நோயாளியும் நாள் முழுவதும் சுவாசிக்கிறார்கள். பட்டறையில் திடமான ஆள் 8 மணி நேரம் மட்டும் சுவாசிக்கிறார் என்பது இதற்குச் சொல்லும் காரணம். இருக்கட்டும். ஓவர்டைம் சேர்த்து 12 மணி நேரம் நிற்கிறவருக்கும், பட்டறையின் மாடியிலேயே படுத்துத் தூங்குகிறவருக்கும் எந்த வரம்பு? அவருடைய காற்று தெருவா, பட்டறையா?

150 என்ற வரம்பையாவது காக்கிறார்களா என்பது அளந்தால்தானே தெரியும்!

பாலும் வெல்லமும்

வார்ப்படப் பட்டறைகளில் தூசிக்கு வெல்லம் கொடுப்பார்கள். முலாம் பட்டறைகளில் பால். "இதைச் சாப்பிட்டால் உள்ளே போனது கழுவிக்கொண்டு போய் விடும்" என்று நம்பிக்கை. பாலும் வெல்லமும் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு. பால் குடிப்பதில் கெடுதல் இல்லை. உறிஞ்சும் விசிறிக்கு அதை ஈடாக வைப்பதில்தான் கெடுதல்.

பஸ்சில் வந்த நண்பரிடம் நான் சொன்னவற்றை இங்கேயும் சொல்கிறேன். தொட்டிக்கு விளிம்பில் இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று ஒரு துண்டு நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் உள்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். கைக்குட்டை கட்டுவது இந்தத் துகளைத் தடுக்காது. வேலை இடத்தில் டப்பாவைத் திறக்காதீர்கள். ஈயத்தில் வேலை செய்கிறவர்கள் வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இருமல் என்றோ வயிற்று வலி என்றோ போனால், "பேக்டரியில் வேலை" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். எந்த உலோகம், எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். ஈயம் என்றால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குரோமியம் என்றால் மூக்கின் நடுத்தண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நண்பர் 11 வருடத்தில் ஒரு தடவைகூட மூக்கைக் காட்டியது இல்லையாம். வருகிற திங்கட்கிழமை லீவு போட்டுப் போவதாகச் சொல்லி இறங்கினார்.